ஐந்து இடத்தில் ‘திடீரென்று’

கானாடுகாத்தானை அடுத்த ஓர் ஊரிலிருந்து 66 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் சென்னையில், மகள் வெளிமாநிலத்தில். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று நீண்டு கிடக்கும் வீட்டில் அவரும் மனைவியும் மட்டும் இருக்கிறார்கள். 1985இல் லைசென்ஸ் எடுத்தவர். முதலில் அவருடைய அப்பச்சியின் (அந்தப் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் அழைப்பார்கள்) அம்பாசிடர், இப்போது ஒரு சின்ன கார். பதினான்கு வருடமாகச் சர்க்கரை நோய். மாத்திரையோடு, எட்டு மாதமாக இரவில் இன்சுலினும் போட்டுக்கொள்கிறார்.

போன தை மாதம் மகள் குடும்பத்தை மதுரையில் நள்ளிரவு ரயிலில் ஏற்றிவிட்டு இவரும் மனைவியும் திரும்பியிருக்கிறார்கள். அதிகாலை மூன்று மணி, திருப்பத்தூர் தாண்டி குன்றக்குடிக்கு முன்னால், தைப்பூசத்துக்குப் பழனி போகும் பாதயாத்திரைக் கூட்டம் இவருடைய இடது ஓரத்தில் எதிரே நடந்து வந்திருக்கிறது. “திடீரென்று வந்துவிட்டார்கள். ஒடித்துத் திருப்பினேன். ஒரு முழ இடைவெளி. முருகன் காப்பாற்றினான்” என்று எழுதியிருக்கிறார். அதற்கு முன்னும் பின்னும் சில சம்பவங்கள். கார் கொட்டகை வாசலில் இடது கதவு ஒரே வருடத்தில் இரண்டு முறை உரசியது. தெரு முக்கில் இடப்பக்கத்திலிருந்து டிவிஎஸ் 50இல் வந்தவர் கீழே காலை ஊன்றி நின்று சத்தம் போட்டது. பள்ளத்தூரில் சைக்கிளில் போன ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை, கோட்டையூர் பக்கம் ஒரு மாடு, ஒரு வேகத்தடை.

இதையெல்லாம் மனைவி சொல்லித் தெரிந்துகொண்ட மகன், “அப்பச்சி, இனிமே வண்டியைத் தொடாதீங்க” என்று சொல்லிவிட்டார். சாவி இப்போது பீரோவில். வாசகருக்கு அது பெரிய வருத்தம். அவர் கேட்பது மூன்று. நாற்பது வருடம் விபத்தே இல்லாமல் ஓட்டியது போதாதா? போன வருடம்தான் டாக்டர் கையெழுத்தோடு லைசென்ஸைப் புதுப்பித்தேன், 70 வயது வரை செல்லும், அதற்கு மேல் மகன் யார் தடுக்க? கடைசியாக, “நான் நல்ல டிரைவர்தான் என்று நீங்கள் ஒரு வரி எழுதினால் மகனிடம் காட்டுவேன்.”

ஐயா, வணக்கம்.

அந்த ஒரு வரியை என்னால் எழுத முடியாது. உங்கள் மகன் சொல்வதுபோல் இன்றோடு எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள் என்றும் எழுதப் போவதில்லை. கடிதத்தை மூன்று தடவை படித்தேன். சர்க்கரை நோயாளிகளைப் பார்க்கிற பொது மருத்துவர் நான். உங்கள் வயதுக்காரர்கள் இந்தக் கேள்வியோடு வாரத்துக்கு ஒருவராவது வருகிறார்கள். பெரும்பாலும் அவர்களாகக் கேட்பதில்லை, கூட வந்த பிள்ளைகள்தான் கேட்கிறார்கள். நீங்களாகவே எழுதியிருக்கிறீர்கள். நடந்ததை ஒளிக்காமலும் எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் என்னால் ஏதாவது சொல்ல முடிகிறது.

உங்கள் கடிதத்தில் ‘திடீரென்று’ என்ற சொல் ஐந்து இடத்தில் வருகிறது. யாத்திரைக் கூட்டம் திடீரென்று வந்தது. டிவிஎஸ்காரர் திடீரென்று வந்தார். சைக்கிள் பிள்ளை, மாடு, வேகத்தடை, எல்லாமே திடீரென்று. கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். கால் கடுக்க நடந்து வருகிற கூட்டம் மணிக்கு நாலைந்து கிலோமீட்டருக்கு மேல் போகாது. அவர்கள் அந்தச் சாலையில் வெகு நேரமாக நடந்துகொண்டிருந்தார்கள். வேகத்தடை நகரவே நகராது. திடீரென்று நடந்தது ஒன்றுதான்: நீங்கள் பார்த்தது. ஏன் அவ்வளவு தாமதமாகப் பார்த்தீர்கள் என்பதுதான் நாம் பேச வேண்டிய விஷயம். அதற்குக் காரணம் திறமைக் குறைவாக இருக்க வேண்டியதில்லை. கண்ணாக இருக்கலாம், சர்க்கரையாக இருக்கலாம், தூக்கமாக இருக்கலாம், பழக்கமாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வழி வேறு.

நாற்பது வருடக் கணக்கு

நாற்பது வருடம் யாரையும் இடிக்காமல் ஓட்டியது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அந்தக் கணக்கில் உங்கள் பங்கு மட்டும் இல்லை. டிவிஎஸ்காரர் காலை ஊன்றி நிறுத்தினார், அதனால் அன்று விபத்து இல்லை. உங்கள் பதிவேட்டில் அது ‘விபத்தில்லாத நாள்’. அவர் பதிவேட்டில் வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும். மற்றவர் பிரேக் போட்டதால் தப்பிய நாட்கள் நம் கணக்கிலேயே சேர்ந்துகொள்கின்றன, அது நமக்குத் தெரிவதுகூட இல்லை.

இது உங்களுக்கு மட்டும் உள்ள குறையும் இல்லை. ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் ஓலா ஸ்வென்சன் 1981இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். அமெரிக்காவிலும் ஸ்வீடனிலும் கார் ஓட்டுகிறவர்களிடம், தங்களோடு அந்த ஆய்வில் இருந்த மற்றவர்களை ஒப்பிட்டுத் தங்கள் திறமையைச் சொல்லச் சொன்னார். அமெரிக்கர்களில் 93 சதவீதம் பேர் தங்களை மேல்பாதியில் வைத்துக்கொண்டார்கள், ஸ்வீடன்காரர்களில் 69 சதவீதம் பேர். நூறு பேரில் ஐம்பது பேர்தான் மேல்பாதியில் இருக்க முடியும். அதனால் “நான் நல்ல டிரைவரா?” என்று நம்மையே கேட்டால் உண்மையான பதில் வராது. கேள்வியைச் சின்னதாக, சரிபார்க்கக் கூடியதாக மாற்ற வேண்டும்.

இன்னொன்று. நாற்பது வருடம் ஓட்டியவருக்கு வேறு கண், வேறு கழுத்து, வேறு கணையம். இப்போது ஓட்டுகிற ஆளைத்தான் நாம் மதிப்பிட வேண்டும்.

எல்லாம் இடப்பக்கம்

கடிதத்தில் நீங்கள் கவனிக்காமல் போட்ட ஒரு தகவல் என்னை நிறுத்தியது. கொட்டகையில் உரசியது இரண்டு முறையும் இடது கதவு. டிவிஎஸ்காரர் வந்தது இடப்பக்கத்திலிருந்து. யாத்திரைக்காரர்களும் உங்கள் இடது ஓரத்தில். வாசல் குறுகல் என்று எழுதியிருக்கிறீர்கள். அதே வாசலில்தான் அப்பச்சியின் அம்பாசிடர் இருபது வருடம் நுழைந்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இப்போதைய கார் அதைவிடச் சின்னது.

ஓட்டுகிறவர் வலப்பக்கம் உட்காருவதால் இடது ஓரம் எட்டத்தில் இருக்கிறது. எல்லாருக்கும் அங்கேதான் முதலில் கீறல் விழும். அதனால் இதை வைத்தே நோய் என்று சொல்லிவிட மாட்டேன். ஆனால் பதினான்கு வருடச் சர்க்கரை உள்ள ஒருவருக்கு இத்தனை சம்பவமும் ஒரே பக்கம் என்றால் கண்ணைப் பார்க்காமல் விடக் கூடாது. கண் அழுத்த நோய் பக்கப் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். வலி இருக்காது, நேர்ப்பார்வை தெளிவாகவே இருக்கும், பேப்பர் படிக்கலாம், எழுத்துப் பலகையில் கடைசி வரிவரை வாசிக்கலாம். இல்லாத இடத்தை மூளை தானாக நிரப்பிக்கொள்வதால் இழந்தது தெரியாது. சர்க்கரையால் விழித்திரை கெட்டாலும் இப்படி ஆகலாம். கழுத்து எலும்புத் தேய்மானத்தால் தலையை முழுதாகத் திருப்ப முடியாமல் போனாலும் இதே விளைவுதான்.

ஆகவே கண் மருத்துவரிடம் போய் ‘கண்ணாடி பவர் பார்க்கணும்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். பக்கப் பார்வைப் பரிசோதனை, கண் அழுத்தம், மருந்து ஊற்றி விழித்திரை பார்ப்பது, கண்புரை எந்த அளவு என்பது, இந்த நான்கையும் கேட்டு வாங்குங்கள். மருந்து ஊற்றிய அன்று சில மணி நேரம் கண் கூசும், வண்டியை வேறு யாராவது ஓட்டட்டும். வீட்டிலேயே ஒரு சோதனையும் செய்யலாம். லைசென்ஸுக்கான படிவம் 1இல் உள்ள கேள்விதான் அது: நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்திலிருந்து ஒரு காரின் நம்பர் பிளேட்டை ஒவ்வொரு கண்ணாலும் படிக்க முடிகிறதா? தெருவில் நிற்கிற காரிலிருந்து ஏறக்குறைய 33 நடை தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். அப்புறம் மற்றக் கண். உங்கள் கார் வேண்டாம், அதன் நம்பர் உங்களுக்கு மனப்பாடம்.

அந்தப் பரிசோதனை முடியும்வரை, அது ஒரு வாரமோ பத்து நாளோ, பகலிலும் வண்டியை எடுக்காதீர்கள். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

குன்றக்குடி சாலையில் அந்த இரவு

அன்று காலை ஐந்து மணிக்கு எழுந்ததாக எழுதியிருக்கிறீர்கள். சம்பவம் நடந்தது மறுநாள் அதிகாலை மூன்று மணிக்கு. இருபத்திரண்டு மணி நேரம் கண்விழிப்பு. பதினேழு மணி நேரம் விழித்திருந்தாலே கவனம் மங்குகிற அளவு, 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் உள்ளவருடைய அளவுக்கு வந்துவிடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குடித்துவிட்டு ஓட்டுவதற்கு நம் சட்டம் வைத்திருக்கும் வரம்பு 30 மில்லிகிராம். வாழ்நாளில் ஒரு சொட்டு குடிக்காதவர் என்று எழுதியிருக்கிறீர்கள், அதைப் படித்தபோது இந்தக் கணக்குதான் மனதில் ஓடியது.

“எழுபதில்தான் வந்தேன், நிதானமான வேகம்” என்கிறீர்கள். பகலில் சரி. எழுபதில் கார் ஒரு நொடிக்கு 19 மீட்டருக்கு மேல் போகிறது. கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்று வைத்தால் 29 மீட்டர். பிரேக் பிடித்து நிற்க இன்னும் 27. மொத்தம் 56 மீட்டர். எதிரே லாரி வந்ததால் லைட்டைத் தாழ்த்தியிருந்தீர்கள். தாழ்ந்த வெளிச்சத்தில் கருக்கலில் நடந்து வருகிற ஒருவர் அவ்வளவு தூரத்தில் தெரிவது கடினம். அறுபது வயதுக் கண்ணில், இருபது வயதில் விழித்திரைக்குப் போன ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் போகிறது. கண்புரை இருந்தால் எதிர் லைட் சிதறிக் கண்ணை அடைக்கும். ஐம்பதில் வந்திருந்தால் 35 மீட்டரில் நின்றிருப்பீர்கள்.

அப்புறம் சர்க்கரை. அன்று இரவு அவசரத்தில் இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டு, வழக்கமான அளவு இன்சுலினைப் போட்டிருக்கிறீர்கள். உங்கள் மாத்திரையும் சர்க்கரையை இறக்கிவிடக் கூடிய வகை. குன்றக்குடி சம்பவத்துக்குப் பிறகு கை நடுங்கியது, வேர்த்தது, பயத்தால் என்று நினைத்தேன் என்கிறீர்கள். பயமாகவே இருக்கலாம். தாழ்சர்க்கரையின் அடையாளமும் அதேதான். அன்று அளந்து பார்க்காததால் இனித் தெரிந்துகொள்ள வழியில்லை. இனிமேல் அளந்து பார்க்கலாம். பிரிட்டனில் இன்சுலின் போடும் ஓட்டுநர்களுக்கு ஒரு விதி வைத்திருக்கிறார்கள், நானும் என் நோயாளிகளுக்கு அதையே சொல்கிறேன். வண்டி எடுப்பதற்கு முன் விரலில் குத்திப் பாருங்கள், நீண்ட பயணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. 90க்கு மேல் இருந்தால் கிளம்பலாம். 70க்கும் 90க்கும் நடுவில் என்றால் ஏதாவது சாப்பிட்டுவிட்டு. 70க்குக் கீழே போனால் ஓட்டக் கூடாது. சர்க்கரையோ குளுக்கோஸோ சாப்பிட்டு, மறுபடி அளந்து, சரியான அளவுக்கு வந்த பிறகும் முக்கால் மணி நேரம் பொறுக்க வேண்டும். மூளை தெளிய அவ்வளவு நேரம் ஆகும். சளி மாத்திரை, கால் எரிச்சலுக்குத் தரும் மாத்திரை, தூக்க மாத்திரை எதுவானாலும் ‘இது தூக்கம் தருமா’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாதம் மரத்திருந்தால் பிரேக்கில் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியாது. அதையும் சோதித்துக்கொள்ளுங்கள்.

தெரு முக்கு விஷயம் இவற்றில் சேராது. அது பழக்கம். “ஹாரன் அடித்துக்கொண்டுதான் வந்தேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். நம் ஊர்த் தெருக்கள் நூல் பிடித்த மாதிரி நேராகப் போட்டவை. ஒரு வீட்டின் மதில் இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில்தான் முடியும். கார் மூக்கு வெளியே வரும்வரை குறுக்குத் தெருவில் என்ன வருகிறது என்று ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. அங்கே ஹாரன் போதாது. நிறுத்தி, மூக்கை மட்டும் நீட்டி, இரு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். அந்தத் தெருக்களில் கார்கள் குறைவாக இருந்த காலத்தில் கற்றுக்கொண்டது நீங்கள். பழக்கம் அப்படியே தங்கிவிட்டது. இதை மாற்ற மருந்து வேண்டாம், ஒரு மாதம் கவனம் போதும்.

லைசென்ஸும் மகனும்

லைசென்ஸ் செல்லும் என்பது உண்மை. 55 வயதுக்கு மேல் ஐந்தைந்து வருடமாகத்தான் தருகிறார்கள். நாற்பது வயதைக் கடந்தவர்களுக்குப் படிவம் 1ஏ என்ற மருத்துவச் சான்று வேண்டும். ஆனால் அந்தச் சான்று கையெழுத்தான அன்று இருந்த உங்களைப் பற்றியது. இன்சுலின் தொடங்கியது அதற்குப் பிறகு. நோயாலோ குறைபாட்டாலோ ஒருவர் ஓட்டத் தகுதியில்லை என்று கருத நியாயமான காரணம் இருந்தால், லைசென்ஸ் தந்த அதிகாரி எப்போது வேண்டுமானாலும் புதிய சான்று கேட்கலாம், லைசென்ஸை ரத்தும் செய்யலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 16ஆவது பிரிவு அது. தகுதியில்லாத உடல்நிலை என்று தெரிந்தே ஓட்டி, அது மற்றவர்களுக்கு ஆபத்தானால் 186ஆவது பிரிவின்படி அபராதம் உண்டு, முதல் முறை 1,000 ரூபாய் வரை. தொகை சின்னது. ஆனால் கவனக்குறைவால் உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவு ஐந்து வருடம் வரை சிறை என்கிறது. கையில் லைசென்ஸ் இருந்தது என்பது அங்கே பதில் ஆகாது.

உங்கள் மகனுக்குச் சட்டப்படி சாவியைப் பிடுங்கும் அதிகாரம் இல்லை. அவர் செய்த முறையும் எனக்குச் சரியாகப் படவில்லை. என் அப்பாவிடம் நாங்கள் இதையேதான் செய்தோம். ஒரு நாள் காரை விற்றுவிட்டோம், அவரிடம் உட்கார்ந்து பேசவே இல்லை. கோயிலுக்குப் போவது நின்றது, நண்பர்கள் வீட்டுக்குப் போவது நின்றது, திண்ணையே கதி என்று ஆனார். சர்க்கரையும் ஏறியது. ஓட்டுவதை நிறுத்திய முதியவர்களிடம் மனச்சோர்வு கூடுவதை ஆய்வுகள் சொல்கின்றன, நான் அதை வீட்டிலேயே பார்த்தேன். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. அதனால் உங்கள் மகனிடம் நான் சொல்ல விரும்புவது: சாவியை வாங்குகிற அன்றே, அவர் பிள்ளையார்பட்டிக்கும் கடைத்தெருவுக்கும் எப்படிப் போவார் என்பதற்கு ஏற்பாடு செய்துவிட வேண்டும்.

நான்கு வாரம், ஒரு நோட்டு

கண் மருத்துவர் ‘ஓட்டலாம்’ என்று சொன்ன பிறகு, பகலில் மட்டும், பழகிய சாலையில் மட்டும், நான்கு வாரம் ஓட்டுங்கள். ஒவ்வொரு முறை திரும்பியதும், காரைவிட்டு இறங்குவதற்கு முன், ஒரு நோட்டில் இவற்றை எழுதுங்கள்:

- கிளம்பும்போது சர்க்கரை அளவு என்ன?
- எத்தனை ‘திடீர்’? எது, எந்தப் பக்கம்?
- எனக்காக யார் பிரேக் போட்டார்கள், ஒதுங்கினார்கள், ஹாரன் அடித்தார்கள்?
- வந்த வழியில் நினைவில் இல்லாத துண்டு ஏதாவது உண்டா?

நியாயம் எதுவும் எழுத வேண்டாம். ‘அவன்மேல்தான் தப்பு’ என்பதற்கு அந்த நோட்டில் இடம் இல்லை. வங்கியில் தினமும் கணக்கு நேர்செய்தவர் நீங்கள். வித்தியாசம் வந்தால் வித்தியாசத்தை அப்படியே எழுதிவிட்டுத்தானே காரணம் தேடுவீர்கள், அதே மாதிரிதான். வாரா வாரம் ‘திடீர்’ குறைந்தால் பழக்கம் மாறுகிறது என்று பொருள். குறையாவிட்டால் உங்களுக்கே பதில் கிடைத்துவிடும், நானோ மகனோ சொல்ல வேண்டியதில்லை. நடுவில் ஒரு நாள், இரட்டைப் பிரேக் வைத்த காரில் டிரைவிங் ஸ்கூல் ஆசிரியர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். லைசென்ஸுக்கு வருகிற பிள்ளையைத் திருத்துவதுபோல் திருத்தச் சொல்லுங்கள்.

இரவுப் பயணம் இந்த நான்கு வாரத்தில் சேராது. கண்புரை இருந்து அதற்கு அறுவை செய்துகொண்டால் பிறகு யோசிக்கலாம். அதுவரை மதுரைக்கு ஆக்டிங் டிரைவர் வைத்துக்கொள்ளுங்கள். தலைசுற்றல், நினைவு தப்புதல், இரட்டையாகத் தெரிதல், முன்னறிவிப்பே இல்லாமல் சர்க்கரை இறங்குவது, பழகிய ஊரில் வழி குழம்புவது, இதில் ஒன்று நடந்தாலும் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கடைசியாக ஆச்சி, உங்கள் மனைவி. காரில் ஏறினால் மேலே இருக்கும் பிடியைப் பிடித்துக்கொள்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களோடு எல்லாப் பயணத்திலும் வந்தவர் அவர் ஒருவர்தான். “நான் நல்லாத்தானே ஓட்டுறேன்?” என்று கேட்டால் “ஆமா” என்றுதான் சொல்வார். “எந்தெந்த இடத்துல பயந்தே?” என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுவிட்டு, அதையும் நோட்டில் எழுதுங்கள். நான்கு வாரம் கழித்து உங்கள் சர்க்கரை மருத்துவரிடம் போகும்போது நோட்டையும் கண் பரிசோதனைச் சீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆச்சியையும் கூட்டிப் போங்கள். மருத்துவர் கேட்கிற கேள்விக்கு முதலில் அவர் பதில் சொல்லட்டும்.